பாட்டனாரின் பாட்டனார்: ஆங்கிலேயர் காலத்து முன்னோரைத் தேடும் நெறி

கும்பகோணத்துச் சமண இல்லம் ஒன்றின் வாயிலில் தோரணம் கட்டப்பட்டிருந்தது. திருமணமோ வேறு மங்கல நிகழ்ச்சியோ என்று எண்ணிய கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் காரணம் வினவினார். பல மாதங்களாகச் சீவகசிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்ததாகவும், அது நிறைவெய்திய நாளையே விழாவாகக் கொண்டாடுவதாகவும் விடை கிடைத்தது. வினவியவர் உ. வே. சாமிநாதையர். சேலம் இராமசுவாமி முதலியாரை 1880ஆம் ஆண்டில் சந்தித்த பின்னர், சிந்தாமணியின் பொருள் விளங்காமல் அவர் இடர்ப்பட்டிருந்த காலம் அது. அவருடைய ஐயங்களைத் தீர்த்து, சமண சமயக் குறியீடுகளை விளக்கியவருள் முதன்மையானவர் கும்பகோணம் சந்திரநாத செட்டியார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஐயரவர்கள் ‘என் சரித்திரம்’ எழுதியபோது அந்தச் சமண நண்பரை நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அதனால் சந்திரநாத செட்டியாரின் பெயரைத் தமிழுலகம் இன்றும் அறியும்.

அன்று அத்தோரண வாயிலுக்குள் அமர்ந்து சிந்தாமணி கேட்டோர் பலர். ஏடு படித்தவரும், விளக்கேற்றி வைத்த மூதாட்டியும், தூணருகில் அமர்ந்திருந்த சிறுவனும் யாரோ ஒருவருடைய முன்னோரே. அத்தகைய சபைகள் வீடூரிலும், மேல்சித்தாமூரிலும், வந்தவாசி வட்டத்துச் சிற்றூர்களிலும், தீபங்குடியிலும் கூடியிருந்தன. அங்கெல்லாம் கூடியவர்களைப் பற்றி எழுதிவைக்க ஒரு சாமிநாதையர் வாய்க்கவில்லை. அவர்களைத் தேடி எழுதவேண்டிய கடமை அவரவர் வழித்தோன்றல்களையே சார்ந்தது.

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஒரு வியப்பான முரண்பாடு உண்டு. ஆதிநாத பகவானின் முற்பிறவிகளை மகாபலன், இலலிதாங்கன், வச்சிரசங்கன் என ஸ்ரீபுராணம் வரிசைப்படுத்திக் கூறும். முதியோர் அதனைப் பிழையின்றி எடுத்துரைப்பர். ஆனால் தம் பாட்டனாரின் பாட்டனார் பெயர் யாது என்று கேட்டால் பெரும்பாலான இல்லங்களில் மௌனமே விடை. மூன்று தலைமுறைக்கு அப்பால் நினைவு செல்வதில்லை. இந்நிலையை மாற்றுதற்கு ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் ஒரு நல்வாய்ப்பைத் தருகிறது. ஏனெனில் நிலவரிக்காகவும், சொத்துரிமைக்காகவும் அவ்வாட்சி எழுதிவைத்த பதிவேடுகளில், அரசரல்லாத எளிய உழவரும் வணிகரும் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றோடு இடம்பெற்றனர்.

இல்லத்தில் தொடங்குக

தேடல் அரசு அலுவலகத்தில் தொடங்குவதன்று. வீட்டின் முதியோரிடத்தில் தொடங்குவது. குடும்பத்தில் வயது முதிர்ந்தவரை அணுகி, அவர் நேரிற் கண்ட உறவினர்களின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளல் வேண்டும். பிறகு அவர் செவிவழிக் கேட்டறிந்த பெயர்களைத் தனியே எழுத வேண்டும். கண்டதும் கேட்டதும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் பின்னர்ப் பிரிக்க இயலாது. சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பனவும் குறிப்பில் இருத்தல் நன்று.

ஆண்டு கேட்டால் முதியோர்க்குத் தெரியாது. நிகழ்ச்சி கேட்டால் தெரியும். “தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் கைக்குழந்தை” என்று ஒரு பாட்டியார் கேட்டறிந்து சொல்லியிருந்தால், அது ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு நிகரானது. சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பெரும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. புயல், ஏரி உடைப்பு, கோயில் குடமுழுக்கு, இரயில் பாதை வந்தது, உலகப் போர் என இவ்வாறு நினைவில் நிற்கும் நிகழ்ச்சிகள் பல. ஒவ்வொன்றும் ஒரு மைல்கல்லாகும்.

பெயரிடும் மரபையும் கருத்திற் கொள்ள வேண்டும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது பல குடும்பங்களின் வழக்கம். பெயர்களோ பெரும்பாலும் தீர்த்தங்கரர், ஆசாரியர், காப்பியத் தலைவர் ஆகியோரைச் சார்ந்தவை. ஆதிநாதர், சந்திரநாதர், பார்சுவநாதர், வர்த்தமானர், சமந்தபத்திரர், அகளங்கர், சீவந்தரர் ஆகிய பெயர்களே ஊர்தோறும் திரும்பத் திரும்ப வரும். எனவே பெயர் ஒன்றாயினும் ஆள் வேறாதல் இயல்பு.

எடுத்துக்காட்டாக, 1862ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பதிவேட்டில் ஆதிநாத நயினார், வயது 50 என்று காணப்படுவதாகக் கொள்வோம். அதே ஊரில் 1909ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றிலும் ஆதிநாத நயினார் கையொப்பமிட்டிருக்கிறார். இருவரும் ஒருவரே என்று கொண்டால் பத்திரம் எழுதிய நாளில் அவருக்கு வயது 97 ஆகியிருக்கும். பின்னவர் முன்னவரின் பேரராக இருத்தலே பொருந்தும். பத்திரத்தில் “சமந்தபத்திர நயினார் குமாரர்” என்றிருந்தால் இடைத் தலைமுறையின் பெயரும் கிடைத்துவிடும். வயதைக் கணக்கிடாமல் பெயரை மட்டும் நம்பியவர் ஒரு தலைமுறையையே இழந்துவிடுவார்.

ஆண்டுக் கணக்கு

பழைய ஏட்டைப் படிப்பவர்க்கு முதலிற் குறுக்கிடுவது காலக் கணக்கு. ஒரே நூற்றாண்டில் பலவகை ஆண்டுகள் வழங்கின. அவற்றை ஆங்கில ஆண்டாக மாற்றும் முறை எளிது.

வருவாய்த்துறை ஏடுகளில் வருவது பசலி. சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 சூலை முதல் 1891 சூன் வரையுள்ள காலம். சக ஆண்டாயின் 78 கூட்ட வேண்டும். வீர நிர்வாண ஆண்டாயின், தீபாவளிக்கு முற்பட்ட திங்களுக்கு 526உம், பிற்பட்ட திங்களுக்கு 527உம் கழிக்க வேண்டும்.

பிரபவ முதலிய அறுபது ஆண்டுப் பெயர்களே இடர் மிகுந்தவை. அறுபது ஆண்டுக்கொருமுறை மீண்டும் வருவன. ஒரு பத்திரத்தில் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1816ஆகவோ, 1876ஆகவோ, 1936ஆகவோ இருக்கலாம். அப்போது தாளைக் கவனிக்க வேண்டும். முத்திரைத் தாளில் விக்டோரியா அரசியாரின் உருவம் இருந்தால் 1816 ஆகாது. அவர் அரியணை ஏறியது 1837இல். 1936உம் ஆகாது, அவர் மறைந்தது 1901இல். எஞ்சுவது 1876 ஒன்றே. இவ்வாறு ஒரு சான்றைக் கொண்டு மற்றொன்றைத் தெளிதலே இத்தேடலின் முறை.

பெட்டியிலும் பரணிலும் உள்ளவை

சமணக் குடும்பங்களுக்கெனச் சில தனிச் சான்றுகள் உண்டு. அவை பிறர்க்கு வாய்க்காதவை.

முதலாவது, ஓலைச்சுவடி. உணவு, அபயம், மருந்து, சாத்திரம் ஆகிய நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் சிறந்ததாகப் போற்றப்பட்டது. ஆகவே நூல்களைப் படியெடுத்து வழங்குவது அறமாயிற்று. சுவடியின் இறுதியில் நூலைப் படியெடுத்தவர், எழுதுவித்தவர், ஊர், ஆண்டு, நாள் முதலியன குறிக்கப்படுவது வழக்கம். நூற்பொருளை அறிய விரும்புவோர் இக்கடைசி ஏட்டைப் பொருட்படுத்துவதில்லை. குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கோ அதுவே தலையாய ஏடு.

இரண்டாவது, ஜினாலயத்துச் செப்புத் திருமேனிகளும் பூசைப் பாத்திரங்களும். நோன்பு நிறைவின்போது திருமேனி செய்து அளிப்பதும், மணி, தீபம், பாத்திரம் ஆகியன வழங்குவதும் நெடுநாளைய மரபு. அவற்றின் பீடத்திலும் விளிம்பிலும் அளித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். நோன்பு நோற்போர் பெரும்பாலும் பெண்டிராதலின், வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் இவற்றில் வெளிப்படும்.

இது சிறிய செய்தியன்று. ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகள் ஆண்வழியைச் சுட்டுவன. நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரை மட்டும் அவை எழுதின. மனைவியர், மகளிர் ஆகியோர் ‘இன்னார் பாரியாள்’ என்ற அளவில் நின்றுவிட்டனர். கும்பகோணத்துச் சமண இல்லங்களின் முதிய பெண்டிரும் சமய நூல்களில் பழக்கமுடையோராய் இருந்ததைச் சாமிநாதையர் அறிந்திருந்தார். ஆயினும் நூலறிந்த அப்பெண்டிருள் ஒருவர் பெயரேனும் இன்று ஊரறியப் பேசப்படுவதில்லை. சீதனமாக வந்த பித்தளைக் குடத்தில் வெட்டப்பட்ட பெயர், நோன்பு நிறைவில் அளித்த சிறு திருமேனியின் பீடத்தெழுத்து, பிறந்த வீட்டிலிருந்து வந்த சாதகக் குறிப்பு ஆகியவையே அவர்களை மீட்கும் வழிகள். பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் அதன் கழுத்தில் எழுத்து உள்ளதா என்று நோக்குவது குடும்பத்தார் கடன்.

மூன்றாவது, கணக்கேடுகள். திருமண மொய்க் கணக்கு, நெல் கணக்கு, கடன் முறிகள் ஆகியவை பயனற்ற பழந்தாள்களாகத் தோன்றும். மொய்க் கணக்கில் ஊர்வாரியாக உறவினர் பெயர்கள் இருக்கும். எந்த ஊரில் கொள்வினை கொடுப்பினை இருந்தது என்பதை அதனினும் தெளிவாகக் காட்டும் ஏடு பிறிதில்லை.

அரசுப் பதிவேடுகள்

ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி 1801இல் கும்பினியார் கைக்கு வந்தது. அதற்கு ஈராண்டு முன்னர் தஞ்சையும் வந்துவிட்டது. தமிழ்ச் சமணர் செறிந்து வாழ்ந்த ஊர்கள் வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர் ஜில்லாக்களில் அடங்கின. இன்றைய மாவட்ட எல்லைகளைக் கொண்டு பழைய ஏடுகளைத் தேடினால் கிடைக்கா. வந்தவாசி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று வட ஆர்க்காடு. மேல்சித்தாமூர் இன்று விழுப்புரம் மாவட்டம்; அன்று தென்னார்க்காடு ஜில்லா திண்டிவனம் தாலுக்கா. செஞ்சியும் அன்று திண்டிவனம் தாலுக்காவுக்குள் அடங்கியிருந்தது.

இனாம் பதிவேடு முதலிற் காணத்தக்கது. கோயில், மடம், தனியார் ஆகியோர்க்குரிய மானிய நிலங்களை ஆராய்ந்து உறுதிப்படுத்தச் சென்னை அரசு 1858இல் இனாம் கமிஷனை அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஊர்தோறும் விசாரணை நடந்தது. மானியம் யாரால், யாருக்கு, எதன்பொருட்டு வழங்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதற்பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பன இப்பதிவேட்டின் பத்திகளாகும். ஒரே வரியில் இரண்டு மூன்று தலைமுறைகள் கிடைப்பதும் உண்டு. ஜினாலயப் பூசை மானியம், உபாத்தியாயர் மானியம் ஆகியவற்றை அனுபவித்த குடும்பத்தார்க்கு இதனினும் சிறந்த ஏடு இல்லை.

இப்பதிவேட்டால் குடும்பத்துக்கு மட்டுமன்றிக் கோயிலுக்கும் பயன் உண்டு. பழங்கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்று கூறும் சமணப் பள்ளி நிலங்கள் காலப்போக்கில் கைமாறிப் போயின. எஞ்சிய ஜினாலய நிலத்துக்கு உரிமை நாட்டும்போது வழக்குமன்றங்கள் நாடுவது பெரும்பாலும் இந்த இனாம் பதிவேட்டைத்தான். பாட்டனார் பெயரைத் தேடிச் செல்பவர், கோயில் நிலத்தின் சான்றையும் ஒருங்கே கண்டெடுக்கக் கூடும்.

அடுத்து, நிலவரித் திட்டப் பதிவேடுகள். முதலில் பைமாஷ் எண்ணும், பின்னர் முறையான நில அளவைக்குப்பின் சர்வே எண்ணும் வந்தன. இவ்விரு எண்களையும் இணைத்துக் காட்டும் பதிவேடு கிடைத்தால், இன்று கையிலுள்ள பட்டாவிலிருந்து பின்னோக்கி நடந்து செல்லலாம். நில எண் ஒரு நூலிழை போன்றது. பட்டாதாரர் பெயர் மாறினாலும் நிலம் இடம் மாறுவதில்லை. ஆயினும் எல்லா ஊர்களுக்கும் இம்முறை பொருந்தாது. ஆரணி ஜாகீர் போன்ற பகுதிகளில் இருந்த ஊர்களுக்கு அரசின் இரயத்துவாரித் திட்டம் நெடுங்காலம் நடைபெறவில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அவற்றுக்கு அத்தகைய ஏடுகள் எழுந்தன. ஊர் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் அலுவலகத்தை நாடுவது வீண் அலைச்சலாகும்.

மூன்றாவது, பத்திரப் பதிவு. 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பதிவு முறை நிலைபெற்றது. கிரயம், அடமானம், பாகப் பிரிவினை, தானம், உயில் ஆகிய பத்திரங்களின் படிகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டன. அக்காலப் பத்திரத்தின் தொடக்கம் எழுதிக்கொடுப்பவரின் ஜில்லா, தாலுக்கா, கிராமம், மதம், தொழில், தந்தை பெயர் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும். பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது பெரும்பேறு. சகோதரர் எத்தனைபேர், தாயார் உயிருடன் இருந்தாரா, கைம்பெண்ணான அத்தைக்குச் சீவனாம்சமாக எத்தனை கலம் நெல் ஒதுக்கினர் என்பது வரை அதில் விளங்கும். சாட்சிக் கையொப்பமிட்டோரையும் விட்டுவிடலாகாது. சாட்சிகள் பெரும்பாலும் சம்பந்திகளும் பங்காளிகளுமே.

பிறப்பு, இறப்புப் பதிவை முறைப்படுத்தும் சென்னை மாகாணச் சட்டம் 1899இல் வந்தது. இப்பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது; பெயரிடுமுன்னரே பதிவு நடந்துவிடும். தந்தை பெயரையும் நாளையும் கொண்டே அறிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871இல் மாகாணம் முழுவதும் நடைபெற்றது. அதன் அறிக்கைகளில் ஜில்லாவாரியாகச் சமணரின் தொகை கிடைக்கும். தனியொருவர் பெயர் கிடைக்காது. எனவே குடும்பத்தைத் தேடுவோர் அதில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை.

அரசுப் பணியிலோ கல்வித்துறையிலோ இருந்த முன்னோராயின் வழி எளிதாகும். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலர்கள் பட்டதாரிகளின் பெயர்களை வெளியிட்டன. கோட்டை அரசிதழில் பணி நியமனங்கள் வெளிவந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள் தொகுதி தொகுதியாக உள்ளன. ஆங்கிலத்தில் ‘நயினார்’ என்னும் சொல்லைப் பலவாறு எழுதினர். ஒரு எழுத்துக்கூட்டல் கிடைக்கவில்லையெனில் மற்றொன்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. நயினார் என்னும் பட்டம் தமிழ்ச் சமணர்க்கு மட்டும் உரியதன்று. பிற சில வகுப்பினரும், கடற்கரையோரத் தமிழ் முஸ்லிம்களும் அப்பெயரைத் தாங்கியுள்ளனர். மறுதலையாக, சமணருள் செட்டியார், முதலியார், உடையார் எனப் பட்டம் கொண்டவரும் உளர். கும்பகோணம் சந்திரநாத செட்டியாரே அதற்குச் சான்று. ஆகவே பட்டத்தை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்தல் பிழை. மதம், ஊர், தந்தை பெயர் ஆகிய மூன்றும் ஒத்திருந்தாலன்றி ஒருவரை முன்னோர் எனக் கொள்ளுதல் தகாது.

வழிவழிக் கதையும் எழுத்துச் சான்றும்

பல குடும்பங்களில் வழங்கும் ஒரு வரலாறு உண்டு. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்னும் சிற்றரசன் சமணரைத் துன்புறுத்தினான், பலர் கொல்லப்பட்டனர், பலர் பூணூலைக் களைந்து நீறணிந்து உயிர் பிழைத்தனர், தாயனூர்க் காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, பின்னர் வீரசேனாசாரியரோடு சேர்ந்து சமயத்தை மீண்டும் தழைக்கச் செய்தார் என்பது அக்கதை. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா விவரச்சுவடியில் பிரான்சிஸ் இதனை எழுதி வைத்தார். தர்ஸ்டனும் தம் நூலில் இதனைச் சேர்த்தார்.

இக்கதையைப் பொய் எனத் தள்ளுதல் கூடாது. நீறுபூசி வேளாளர் என்னும் பெயரும், அவர்களிடம் எஞ்சிய சில பழக்கங்களும் இதற்குத் துணைநிற்கின்றன. அதேவேளையில், கதையில் கூறப்படும் 1478 என்னும் ஆண்டு, செஞ்சி நாயக்கர் ஆட்சி தொடங்கிய காலத்தோடு பொருந்தவில்லை. இரண்டையும் ஒருங்கே ஏற்று, எழுதும்போது ‘குடும்ப மரபு’ என்றும் ‘பதிவேட்டுச் சான்று’ என்றும் பிரித்து எழுதுவதே நேரிய முறை. 1862இல் ஒரு முன்னோர் பெயர் கிடைத்தவுடன் அவரைத் தாயனூர் உடையார் வழியினர் என்று எழுதிவிட்டால், இடையிலுள்ள முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வெறும் பாழாகிவிடும். ஒவ்வொரு படியாக ஏறுவதே வம்சாவளி. ஓலை, கல், செம்பு, தாள் என எதுவும் துணைபுரியாத இடத்தில் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. பின்னொரு நாள் மற்றொருவர் அங்கிருந்து தொடர்வார்.

மற்றொரு வகையிலும் மனத்திண்மை வேண்டும். ஏடுகள் பெருமையை மட்டும் சொல்வதில்லை. பஞ்ச ஆண்டில் விளைநிலத்தை அற்ப விலைக்கு விற்றது, பங்காளிகள் வழக்கிட்டுப் பொருளிழந்தது, கடனுக்காக மனைவியின் நகை அடகு போனது, மூத்தாள் இருக்க இளையாளை மணந்தது ஆகியனவும் எழுத்தில் நிற்கும். முன்னோரைத் தேடிச் சென்று மூதாதையரின் குறையைக் கண்டவர் சிலர் அத்தாளை மறைத்துவிட முயல்வதுண்டு. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் சத்தியமும் ஒன்று. அது வரலாறு எழுதுவோர்க்கும் பொருந்தும். ஒரு பத்திரம் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்லும் என்பதும், எதிர்த்தரப்பாருக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும் என்பதும் அநேகாந்த நெறியில் பயின்றவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பஞ்சத்தில் நிலத்தை விற்றுத் தம் மக்களுக்குச் சோறிட்ட முப்பாட்டனார், நிலம் சேர்த்தவரினும் தாழ்ந்தவர் ஆகார்.

காலம் கடந்துகொண்டிருக்கிறது

1980இல் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கர்ணம் வீட்டுக் கட்டுகளில் இருந்த ஏடுகள் பல அதன்பின் சிதறின. ஊரைவிட்டுச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. நாட்டு ஓட்டு வீடுகள் இடிக்கப்படும்போது பரணிலிருந்த மரப்பெட்டி முதலில் வெளியே வருகிறது. அதிலுள்ளவை என்னவென்று அறியாமலே தீயிலும் ஆற்றிலும் இடப்படுகின்றன. பதிவேட்டுப் படிகளை அலுவலகங்களில் என்றேனும் பெறலாம். வீட்டு ஓலையும் பெட்டித் தாளும் ஒருமுறை போனால் போனவையே. அவற்றின் பொருளைச் சொல்லவல்ல முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

செய்யத்தக்கது அரிதன்று. ஆண்டுதோறும் சுருத பஞ்சமியன்று சாத்திரங்களை வெளியில் எடுத்துத் துடைத்துப் பூசிக்கும் வழக்கம் உண்டு. அந்நாளிலேயே குடும்பத்துப் பழந்தாள்களையும் எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு தாளையும், சுவடியின் கடைசி ஏட்டையும், பாத்திரத்தின் எழுத்தையும் படம் பிடித்துக்கொள்ள இக்காலத்தில் கைப்பேசியே போதும். தாளை நெகிழியில் ஒட்டுதலோ பசையிடுதலோ கூடாது. பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லா இடத்தில் வைத்தல் நன்று. முதியவர் ஒருவரை அருகில் அமர்த்தி, பேரப்பிள்ளைகளுள் ஒருவர் அவர் சொல்வதை எழுத வேண்டும். ஆண்வழியோடு நில்லாமல் தாய்வழி, மனைவிவழிப் பெயர்களையும் ஊர்களையும் சேர்த்தெழுத வேண்டும். நிறைவெய்திய வம்சாவளியின் படி ஒன்றை ஊர் ஜினாலயத்திலும் மற்றொன்றை வேறு ஊரில் வாழும் உறவினர் இல்லத்திலும் வைத்தால், ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் நிற்கும்.

கும்பகோணம் சந்திரநாத செட்டியார் தம் பெயர் நூற்றாண்டு கடந்து நிற்கும் என்று எண்ணிச் சிந்தாமணிக்குப் பொருள் சொன்னவரல்லர். ஒருவர் வந்து கேட்டார். அவர் அறிந்ததைச் சொன்னார். கேட்டவர் அதை மறவாமல் எழுதினார். அம்மூன்றும் நிகழ்ந்ததாலேயே அவர் நிலைத்தார். ஒவ்வொரு சமண இல்லத்திலும் சொல்லத் தெரிந்தவர் ஒருவரேனும் இன்னும் இருக்கிறார். கேட்பவரும் எழுதுபவரும் முன்வர வேண்டுவதே எஞ்சியுள்ளது.